இருந்தது இருந்த இடத்தில்

விஜயலட்சுமிக்குத் தன் அப்பாவைப் பிடிக்காது. இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை, அப்பாவிடமும்கூட. கோமதிநாயகத்துக்கும் மகளைப் பிடிக்காது. அவரும் மறைத்ததில்லை. மும்பை தாராவியில் குடிசைகளை இடித்துக் கட்டிய பில்டிங் ஒன்றின் நான்காம் மாடியில், ஒரு ஹாலும் ஒரு சமையலறையும் மட்டுமே உள்ள வீட்டில், அம்மா செத்ததிலிருந்து இந்த இரண்டு பேரும் ஒன்றாக இருந்தார்கள்.

அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் வண்டிக்குக் குறுக்கே வந்தவர்களை எப்படிப் பார்த்தாரோ, வீட்டில் மனைவியையும் மகளையும் அப்படியே பார்த்தார். மகன் மகேஷ்குமாருக்கு மட்டும் விலக்கு. அவன் எஞ்சினியரிங் படிக்க வேண்டும் என்று மகளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தினார். பிறகு ஒரு குடிகாரனுக்குக் கட்டிக்கொடுத்தார். அவள் அடி தாங்காமல் திரும்பி வந்த அன்று, கீழே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "வாழத் தெரியாம வந்து நிக்கா பாரு" என்றார். விஜயலட்சுமி ஒரு ரெடிமேட் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது அங்கே துணி வெட்டும் மேஜை முழுக்க அவள் பொறுப்பு. கத்தரிக்கோல் வைத்த இடத்தில் இல்லையென்றால் பட்டறையே நடுங்கும்.

அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறியிருப்பது தாமதமாகத்தான் தெரிந்தது. கிளாக்கோமா என்றார் டாக்டர். போன பார்வை போனதுதான், சொட்டு மருந்தை விடாமல் போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். பக்கவாட்டில் அவருக்கு ஒன்றும் தெரியாது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நேர் எதிரே ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரியும். அந்த வட்டத்துக்குள் டிவியில் கிரிக்கெட் ஸ்கோரைப் படித்துவிடுவார். காலடியில் கிடக்கிற முக்காலி தெரியாது. ஸ்கோர் தெரிகிறது என்பதை வைத்துக்கொண்டு, தனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று பில்டிங் முழுக்கச் சொல்லித் திரிந்தார். முக்காலியில் இடித்துக்கொண்டால் முக்காலியைத் திட்டினார்.

வீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். விஜயலட்சுமி முதல் வேலையாக முக்காலியைத் தூக்கி வெளியே போட்டாள். தரையில் கிடந்த மிதியடிகளைக் கிழித்துப் பழந்துணியாக்கினாள். கட்டிலைச் சுவரோடு சேர்த்துப் போட்டாள். அவர் எழுந்தால் இடது கைக்குச் சுவர் கிடைக்கும். அதைத் தடவிக்கொண்டே நேராக நடந்தால், சண்டாஸ் என்று அவர்கள் சொல்கிற கக்கூஸின் கதவு. அந்தச் சுவரோரம் ஒரு துரும்பும் இருக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டாள். குளியலறைப் படியின் விளிம்பில் பளிச்சென்று மஞ்சள் டேப் ஒட்டினாள். வெள்ளைச் சோறு எவர்சில்வர் தட்டில் அவருக்குக் கலங்கித் தெரிகிறது என்று கண்டுபிடித்துக் கருநீலத் தட்டு வாங்கினாள். பட்டறைக்குக் கிளம்பும் முன் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஃபிளாஸ்கில் டீ ஊற்றி வைத்துவிட்டுப் போவாள். வாசலுக்கு வெளியே இருந்த இரும்பு கேட்டைச் சாத்திக் கொக்கி போட்டுவிடுவாள். ஏனென்றால் வாசலுக்கு எதிரிலேயே மாடிப்படி இறங்குகிறது. உள்ளே இருந்து கையை விட்டுத் துழாவித்தான் அந்தக் கொக்கியை எடுக்க வேண்டும். தெரியாமல் வெளியே காலெடுத்து வைக்க முடியாது. ஏதாவது ஆபத்து என்றால் திறந்தும்விடலாம்.

"செயிலு மாதிரி வெச்சிருக்கா" என்றார் கோமதிநாயகம், எதிர்வீட்டு ஜம்புவிடம்.

"செயில்ல உப்புமாவுக்கு முந்திரி போட மாட்டான்" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

இதையெல்லாம் பாசம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். ஒரு வேலை தன் கையில் வந்து விழுந்துவிட்டது, அதைக் கோணலாகச் செய்ய அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இப்படி ஒரு வருஷம் போல, அவர் எங்கும் விழாமல், எதிலும் சுட்டுக்கொள்ளாமல் நாட்கள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் புனேயிலிருந்து மகேஷ்குமார் வந்து இறங்கினான். அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருப்பது அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். ஆனால் அவனுடைய ஆபீசில் யாரோ முதியோர் பராமரிப்பைப் பற்றி ஒரு கூட்டம் போட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டுக் கண் கலங்கி, லேப்டாப்போடு கிளம்பி வந்துவிட்டான். கண் கலங்கியதையும் அவனே சொன்னான்.

"அக்கா, நீ எவ்வளவு நாள் தனியா பாப்ப. இனிமே நான் இருக்கேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"பத்து பன்னெண்டு நாள் லீவ் மாதிரி. வீட்டுலயிருந்தே வேலை பாப்பேன்."

மறுநாள் பட்டறைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தவள், வீடு மாறி நுழைந்துவிட்டோமோ என்று வாசலிலேயே நின்றாள். கட்டில் ஜன்னலுக்குக் கீழே போயிருந்தது. கட்டில் இருந்த இடத்தில் சாய்ந்து படுக்கிற நாற்காலி ஒன்று, காலை நீட்டிக்கொண்டு கிடந்தது. அதற்கு இடம் விடுவதற்காகப் பீரோவைச் சண்டாஸ் போகிற சுவரோரம் தள்ளியிருந்தான். ஹாலின் நடுவில் ஒரு கண்ணாடி டீப்பாய். குளியலறை வாசலில் மொசுமொசுவென்று ஒரு வெள்ளை மிதியடி. படியிலிருந்த மஞ்சள் டேப்பைக் காணோம். டீப்பாயின்மேல் உருண்டையாக ஒரு பெட்டி நீல வெளிச்சத்தோடு உட்கார்ந்திருந்தது.

"டேப்பை எதுக்குலே எடுத்த?"

"அக்கா, வீடு ஹாஸ்பிட்டல் மாதிரி இருந்துச்சு. வீடியோ கால்ல என் மாமியாரே கேட்டாங்க, என்ன அது மஞ்சளா ஒட்டியிருக்குன்னு. அப்பாவுக்கு ஒரு பாசிட்டிவ் ஃபீல் வேணும். டென்ஷன் ஆகாத. எது வேணும்னாலும் அப்பா இந்தப் பெட்டிகிட்ட கேட்டாப் போதும். டைம் சொல்லும், போன் போடும், லைட்டும் போடும்."

"பாத்ரூம் படிய சொல்லுமா?"

மகேஷ்குமார் சிரித்தான். தன் அக்கா படிக்காதவள் என்பதை மன்னித்துவிடுகிற சிரிப்பு. கோமதிநாயகம் புது நாற்காலியில் சாய்ந்து படுத்திருந்தார். "எம் புள்ள ஒரே நாள்ல வீட்ட எப்படி ஆக்கிட்டான் பாத்தியா. நீயும் இருக்கியே, ஊருல இல்லாத டேப்ப ஒட்டிக்கிட்டு" என்றார்.

அவள் அன்றைக்கே எல்லாவற்றையும் பழையபடி தள்ளிப் போட்டிருக்கலாம். செய்யவில்லை. மகன் செய்ததை மகள் கலைத்தாள் என்று பில்டிங் முழுக்கப் பேச்சு வரும். என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று படுத்துவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே நடந்தது. அவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகேஷ்குமார் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஆபீஸ்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தான். குளித்துவிட்டு வெளியே வந்த கோமதிநாயகத்துக்குப் படி தெரியவில்லை. கால் அந்த வெள்ளை மிதியடியில் விழுந்தது, மிதியடி ஈரத்தரையில் வழுக்கிக்கொண்டு போனது. நெற்றி பீரோவின் முனையில் இடித்தது. கீழே சரிந்தபோது டீப்பாயின் கண்ணாடி விளிம்பு முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. சத்தம் கேட்டு விஜயலட்சுமி ஓடி வந்து, ரத்தம் வந்த இடத்தைத் துண்டால் அழுத்திப் பிடித்தபடி, "ஆட்டோ கூப்பிடு" என்று கத்தினாள். மகேஷ்குமார் காதில் இருந்ததைக் கழற்றவே கொஞ்ச நேரம் ஆனது.

நெற்றியிலும் காலிலும் தையல் போட்டு அழைத்து வந்தார்கள். எலும்பு தப்பித்திருந்தது. சாயங்காலம் ஜம்பு மனைவியோடு பார்க்க வந்தார்.

"எப்படிண்ணே ஆச்சு?"

கோமதிநாயகம் நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "இவ வாளிய வழியில வெச்சுட்டா. தட்டிருச்சு" என்றார்.

விஜயலட்சுமி தம்பியைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலை நிமிர்ந்து, மிகவும் பெருந்தன்மையாக, "விடுங்கப்பா, அக்காவுக்கும் வேலை டென்ஷன். தெரியாம வெச்சிருப்பா" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜம்புவின் மனைவி அவளை ஒருமாதிரி பார்த்தாள். அவர்கள் போனதும் விஜயலட்சுமி ஒரு பையில் இரண்டு புடவைகளை எடுத்து வைத்தாள்.

"எங்கக்கா கிளம்பிட்ட?"

"கண் மருந்து ஃபிரிட்ஜ் கதவுல இருக்கு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மறந்துட்டா மிச்சம் இருக்கிறதும் போயிரும். நீதான் இனிமே இருக்கேன்னியே, இருந்து பாரு."

"அப்பா விழுந்து கெடக்காரு, இந்த நேரத்துல போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"வாளிய வெச்சவ போயிட்டான்னு சொல்லுவாங்க" என்று செருப்பை மாட்டினாள். அப்பா தன்னைக் கூப்பிடுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

பட்டறையில் அவளோடு வேலை செய்யும் நூர் நிஷாவின் வீடு சீத்தா கேம்பில் இருந்தது. நூர் நிஷா ஒன்றும் கேட்காமல் மீன்குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்தபிறகுதான் பேசினாள்.

"நான் கேக்குறேன்னு தப்பா நெனைக்காத. காலம் பூரா உன்னை ஏசுன மனுசனுக்கு இத்தனையும் செஞ்சியே, எதுக்கு?"

"நம்ம மொதலாளியையும் எனக்குப் புடிக்காது. அதுக்காகத் துணியக் கோணலா வெட்டுதேனா?"

"துணியும் வாப்பாவும் ஒண்ணா?"

"துணி பொய் சொல்லாது நூரு" என்றாள் விஜயலட்சுமி. அதற்குப் பிறகு படுத்தவள் காலைவரை அசையாமல் தூங்கினாள். அப்படித் தூங்கி நாளாகியிருந்தது. யார் எழுந்து நடக்கிறார்கள் என்று ஒரு காதைத் திறந்துவைத்துக்கொண்டே படுத்துப் பழகிப்போயிருந்தது அவளுக்கு.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்து துணியை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அப்பாவின் நம்பர்.

"ஏட்டி, நாந்தான்."

"சொல்லுங்க."

எதையோ கையால் துழாவுகிற சத்தம் கேட்டது.

"சண்டாஸ் எங்கன இருக்கு?"

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "மகேசு எங்க?"

"மாஹிம்ல யாரோ சிநேகிதனப் பாக்கப் போயிருக்கான். தாப்பாப் போட்டுக்கோங்க, என்ன வேணும்னாலும் பெட்டிகிட்ட கேளுங்கன்னு சொல்லிட்டுப் போனான். நான் கேட்டா அது இந்தியில புனேல மழை வரும்னு சொல்லுது."

"இப்ப நீங்க எந்த எடத்துல நிக்கீங்க?"

"தெரியலட்டி."

இந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். வீடு பழையபடி இருந்தால் இங்கிருந்தே ஒவ்வொரு அடியாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். இப்போது அங்கே என்ன எங்கே கிடக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

"கைக்கு என்ன தட்டுது?"

"கதவு மாதிரி இருக்கு. தாப்பா இருக்கு. சண்டாஸ் கதவுதான் போல, தெறக்கேன்."

"தாப்பா எங்க இருக்கு? மேலயா, நடுவுலயா?"

"மேல."

சண்டாஸ் கதவில் மேல் தாழ்ப்பாள் கிடையாது. அது வாசல் கதவு.

"கைய எடுங்க" என்றாள். பட்டறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "தெறக்காதீங்க. இருந்த எடத்துலயே அப்படியே கீழ உக்காருங்க."

"அவசரமா வருதுட்டி."

"வந்தா வரட்டும். உக்காருங்கன்னு சொல்லுதேன்லா."

அவர் உட்காருகிற சத்தம் கேட்டது. போனை வைக்காமலே செருப்பைக்கூட மாட்டாமல் அவள் தெருவில் இறங்கினாள். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த சந்துகளில், குறுக்கே வந்த கைவண்டிக்காரனையும் மூட்டை தூக்குகிறவனையும் தள்ளிக்கொண்டு ஓடினாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடியும் ஏறி வாசலுக்கு வந்தபோது அவள் பார்த்தது, இரும்பு கேட் அகலமாகத் திறந்து கிடந்ததை. உள்ளே அப்பா அந்தத் தாழ்ப்பாளை இழுத்து ஒரு அடி எடுத்து வைத்திருந்தால், அடுத்த அடிக்குத் தரை இருந்திருக்காது.

"யப்பா, நாந்தான். எந்திரிச்சுத் தாப்பாவ எடுத்துட்டு, பின்னால நகர்ந்து உக்காருங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். கோமதிநாயகம் கதவுக்கும் நாற்காலிக்கும் இடையில் தரையில் உட்கார்ந்திருந்தார். லுங்கி நனைந்து தரையெல்லாம் ஓடியிருந்தது. பெட்டி நீல வெளிச்சத்தோடு யாருக்கோ மதிய வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் முதலில் போய் அதன் ஒயரைப் பிடுங்கினாள். பிறகு அப்பாவின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், வெந்நீர் கலந்து கொடுத்தாள். காலில் தையல் நனையாமல் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டாள். மாற்று லுங்கியை நீட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். தரையை அவள் துடைக்கும்போது, "நீ உக்காரச் சொன்னதுனாலதான் உக்காந்தேன்" என்றார்.

"இல்லன்னா இப்ப கீழ் மாடியில கெடப்பீங்க. கேட்டு தெறந்து கெடந்துச்சு."

அவர் அந்தச் சின்ன வட்டத்தால் வாசலைத் தேடினார்.

மகேஷ்குமார் பிரியாணிப் பொட்டலங்களோடு வந்தான். வீட்டில் டெட்டால் வாசனையும் அக்காவும் இருப்பதைப் பார்த்து, "வந்துட்டியா, நல்லது, அப்பா உன்னத் தேடினாரு" என்று ஆரம்பித்தான்.

"பொட்டலத்தக் கீழ வை. பீரோவ ஒரு பக்கம் புடி."

"என்னாச்சு?"

"கேட்ட ஏம்ல தெறந்து போட்டுட்டுப் போன?" என்று கேட்டது கோமதிநாயகம்.

"டெலிவரிப் பையன் வந்தான்பா. அவசரத்துல... நீங்க பெட்டிகிட்ட என் பேரச் சொல்லியிருந்தா எனக்குப் போன் வந்திருக்குமே. எத்தனை தடவ சொல்லிக் குடுத்தேன்."

கிழவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு விஜயலட்சுமிக்குப் பழக்கமானது. சின்ன வயதிலிருந்து அவள் வாங்கிக்கொண்டது. தம்பிக்கு இதுதான் முதல் தடவை.

"எம் பஸ்ஸுல நீ கண்டக்டரா வந்திருந்தேன்னு வையி, ரெண்டாவது ஸ்டாப்புலயே எறக்கிவிட்டிருப்பேன். பெல்லடிக்கத் தெரியாத பயலுக்குப் பேச்சு மட்டும் ரயிலு நீளம்."

மகேஷ்குமாருக்கு முகம் சிவந்தது. "உங்களுக்காக லீவு போட்டு வந்ததுக்கு இதுதான் மரியாதையா? சரி, அக்காவாலயும் முடியல, என்னாலயும் முடியல. புனேல ஒரு ஓல்டேஜ் ஹோம் இருக்கு, ஃபைவ் ஸ்டார் மாதிரி. பேசிப் பாக்குறேன்."

"அக்காவால முடியலன்னு யாருல சொன்னா?" என்றார் கோமதிநாயகம். "இவகூட இருந்தா ஏச்சுதான் கெடைக்கும். ஆனா வெச்சது வெச்ச எடத்துல இருக்கும். நீ சாயங்கால வண்டிக்கே கெளம்பு. போறப்ப இந்த நாற்காலியையும் எடுத்துட்டுப் போ."

நாற்காலியை அவன் எடுத்துப்போக முடியவில்லை. பீரோவையும் கட்டிலையும் பழைய இடத்துக்குத் தள்ளிக் கொடுத்துவிட்டு, பெட்டியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனான். தங்கள் குடும்பத்தில் நன்றி என்பதே கிடையாது என்று லிஃப்ட் வாசலில் நின்று மனைவியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். லிஃப்ட் ஓடவில்லை என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

வீடு அமைதியானதும் கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார். தான் சொன்ன நல்ல வார்த்தைக்கு மகள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"சர்டிபிகேட் எல்லாம் எனக்கு வேண்டாம்" என்றாள் விஜயலட்சுமி. "ஜம்புகிட்டச் சொன்னீங்கள்லா ஒரு வாளிக் கதை. அத மாத்திச் சொல்லுங்க. சொன்னாத்தான் இங்க இருப்பேன். இல்லன்னா நாளைக்கு நூரு வீட்டுக்குப் போயிருவேன். நீங்க பைவ் ஸ்டாருக்குப் போங்க."

"இத்தன வயசுக்கு மேல அவன்கிட்டப் போயி..."

"என்னை எல்லார் முன்னாலயும் ஏசுதப்ப வயசு குறுக்க வந்துச்சா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளும் நூர் நிஷா வீட்டிலிருந்த பையைத் திரும்ப வாங்கப் போகவில்லை. காலையில் அவள் டீ போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் சுவரைத் தடவிக்கொண்டு வாசல்வரை போய், கேட்டுக்கு உள்ளே நின்றபடி எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். ஜம்பு பல் துலக்கிக்கொண்டே வந்தார்.

"ஜம்பு, அன்னைக்கு வாளி தட்டுச்சுன்னு சொன்னேன்லா."

"ஆமாண்ணே."

"வாளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குக் கண்ணு தெரியல. அந்தப் பய படியில ஒட்டியிருந்ததப் பிச்சுப் போட்டுட்டான், விழுந்துட்டேன். உம் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிரு. அவகிட்டச் சொன்னா பில்டிங்குக்கே சொன்ன மாதிரி."

ஜம்பு வாயில் நுரையோடு தலையாட்டினார். கோமதிநாயகம் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, "டீயில சக்கர பத்தல" என்றார், இன்னும் குடிக்காத டீயைப் பற்றி.

தையல் பிரிக்கிற அன்று விஜயலட்சுமி பட்டறைக்கு அரைநாள் லீவு போட்டாள். இதுவரை வெளியே போகும்போது அவர் அவள் கையைப் பிடித்ததில்லை. முன்னால் விறைப்பாக நடப்பார், அவள் பின்னாலேயே திட்டிக்கொண்டு போவாள். அன்று பில்டிங் வாசலில் இறங்கியதும் நின்றார். கையை நீட்டிக் காற்றில் துழாவினார். அவள் முழங்கையைக் கொண்டுபோய் அவர் கைக்குள் வைத்தாள்.

"இறுக்காதீங்க, வலிக்குது."

"நீ மெதுவா நட. ஓட்டப் பந்தயமா?"

சந்து முனையில் பைக்கில் வந்த ஒருவன் அவர்களை உரசிக்கொண்டு போனான். கோமதிநாயகம் அவன் போன திசைக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி, அவனுக்கு லைசென்ஸ் கொடுத்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினார். விஜயலட்சுமி அவரைச் சரியான பக்கத்துக்குத் திருப்பி நிறுத்தினாள். பிறகு தன் பங்குக்கு அவளும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டிவிட்டு, ரோட்டைப் பார்த்துக் கடக்க ஆரம்பித்தாள்.